பாதியில் நின்ற முதல் நாவலை, வேலையை விட்ட பிறகு எடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கொழும்பில் ஒன்பது வருட வேலையை விட்டுவிட்டு ஹட்டன் பக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் தொடங்கி ஏழு அத்தியாயத்தோடு நின்ற தேயிலைத் தோட்டத்து நாவல் ஒன்று, பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில், ஏறத்தாழ 18,000 சொல் அளவில் பழைய மடிகணினியில் கிடக்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் போகும், அச்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எங்கிருந்து என்பதற்குப் பதில் எட்டாம் அத்தியாயத்திலிருந்து. முதல் அத்தியாயத்திலிருந்து அல்ல. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். காலமும் காசும் முதலில்.

முதல் நாவலுக்கு 45,000 சொல் போதும். டெமி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால் 195 பக்கம் சொச்சம் வரும். உங்களுக்கு மிச்சம் 27,000 சொல். நாளுக்கு 500, வாரத்தில் ஐந்து நாள் என்றால் பதினொரு வாரம். நடுவில் கலியாணவீடு, சாவீடு, கோயில் திருவிழா, காய்ச்சல் எல்லாம் வரும், ஆகவே பதினான்கு. அதன்பின் திருத்தத்துக்கு இரண்டு மாதம், பிறர் வாசித்துச் சொல்ல ஒரு மாதம், பக்க அமைப்புக்கும் மெய்ப்புக்கும் ஆறு வாரம், அச்சுக்கு மூன்று வாரம். கூட்டினால் எட்டரை, ஒன்பது மாதம். மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவைக்காதீர்கள். நான்காம் மாதத்திலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் விசாரணையாகிவிடும்.

இந்த ஒன்பது மாதத்துக்குக் காசு எங்கிருந்து வரும்? நீங்கள் வேலை செய்த இடத்தில் 15 பேரோ அதற்கு மேலோ இருந்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியான எவருக்கும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். கடைசிச் சம்பளம் 80,000 ரூபா என்றால் 40,000 பெருக்கல் 9, அதாவது 360,000. வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்களாக விலகியதால் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; இராஜினாமாச் செய்தவருக்கும் உண்டு. கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறையிடலாம்.

அடுத்தது ஈ.ரீ.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். முதலாளி மாதாமாதம் கட்டிய 3 சதவீதமும் அதன் வட்டியும். வேலையை விட்டதும் வயது பார்க்காமல் எடுக்கலாம், ஆனால் மறுபடி வேலைக்குப் போனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) வேறு கதை. உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்த பெரிய தொகை அதுதான், ஆனால் பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகிறவர்கள் போன்ற விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்கு அவை பொருந்தாவிட்டால் அந்தக் காசைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

வந்த தொகையிலிருந்து அச்சுச் செலவை முதலில் எடுத்து வேறு கணக்கில் போடுங்கள். மிச்சத்தை மாதச் செலவால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்குள்ள காலம். அது ஆறு மாதம் என்றால் ஏழாம் மாதத்திலிருந்து அரைநாள் வேலை ஒன்று பார்க்க வேண்டிவரும். திருத்த வேலை அரைநாள் வேலையோடு ஒத்துப்போகும். முதல் வரைவு ஒத்துப்போகாது. ஆகவே முழுநாளும் கையில் இருக்கும் மாதங்களை முதல் வரைவுக்கே கொடுங்கள்.

இனி நேரம். தோட்டத்தில் வீட்டோடு இருக்கும் படித்த ஆளுக்கு வேலை இல்லை என்று எவரும் நினைப்பதில்லை. எல்லோருடைய வேலையும் அவருடையது என்றுதான் நினைப்பார்கள். அடையாள அட்டை விண்ணப்பம், வங்கிக் கடிதம், பிரதேச செயலகப் படிவம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு. முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் முடியாது, மறுக்கவும் கூடாது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள் என்று ஒரே நேரத்தைச் சொல்லிப் பழக்குங்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். எழுத விடியற்காலை ஐந்திலிருந்து ஏழரை. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி தொடங்குமுன் கிடைக்கும் ஒரே நேரம் அது. இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் கட்டாயம், கரண்டும் போகும். அந்த மாதங்களில் பகல் ஒரு மணிக்கு மேல் சார்ஜரையும் ரவுட்டரையும் செருகியபடி விடாதீர்கள். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்ததும் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாரத்துக்கொரு முறை பென்டிரைவில் ஏற்றி வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மடிகணினிப் பைக்குள்ளேயே கிடக்கும் பென்டிரைவ் இன்னொரு பிரதி ஆகாது.

பழைய கோப்பைப் பார்ப்போம். எழுத்துருவை மாற்றுமுன், பாமினி நிறுவிய கணினியில் திறந்து பீ.டி.எஃப். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஏதாவது சிதறினால் மூலத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அது ஒன்றுதான் வழி. பிறகு இணையத்திலுள்ள இலவச மாற்றி ஒன்றால் யூனிகோடாக்குங்கள். முழு நாவலையும் ஒரே மூச்சில் கொட்டாமல் அத்தியாயம் அத்தியாயமாக. இடையில் ஆங்கில எழுத்தில் அடித்த சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறிவரும், அவற்றைப் பீ.டி.எஃப்.ஐப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் பெரியது. பாமினியில் காலுக்கும் ரகரத்துக்கும் வெவ்வேறு விசை. ஆனால் பலர் ‘ரி’, ‘ர்’, ‘ரீ’ மூன்றையும் கால் போட்டு அதன்மேல் விசிறியோ புள்ளியோ வைத்துத்தான் அடிப்பார்கள். மாற்றி சரியில்லை என்றால் அது யூனிகோடிலும் காலாகவே வந்துவிடும். பல எழுத்துருக்களில் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘மாரியம்மா’ என்று தேடினால் கணினி இல்லை என்று சொல்லும். வேறு எழுத்துருவுக்குப் போனால் காலுக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். திருத்துவது சுலபம். தேடி மாற்றும் பெட்டியில் ‘ாி’ என்பதை ‘ரி’ என்றும், ‘ா்’ என்பதை ‘ர்’ என்றும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ என்றும் ஒரேயடியாக மாற்றுங்கள். காலுக்குப் பின்னால் விசிறியோ புள்ளியோ வருவது தமிழில் எந்த இடத்திலும் சரியல்ல என்பதால் நல்ல எழுத்து எதுவும் கெடாது. ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக ‘ஒள’ என்று நிற்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே ஒரேயடியாக மாற்றினால் ‘ஒளி’ ‘ஔி’ ஆகிவிடும்.

இப்போது வாசியுங்கள். ஏழு அத்தியாயத்தையும் இரண்டே அமர்வில், கையில் பேனை இல்லாமல். திருத்த வேண்டும் என்று கை துடிக்கும், ஏனென்றால் ஐந்து வருடத்தில் உங்கள் தமிழ் மாறிவிட்டது. இந்த இடத்தில்தான் திரும்பி வருகிற பெரும்பாலானோர் விழுகிறார்கள். முதல் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்குவார்கள், நன்றாகவும் வரும். இரண்டாவதும் வரும். மூன்று மாதம் போன பிறகு பழைய ஏழு அத்தியாயம் பளபளவென்று இருக்கும், எட்டாவது இருக்காது, காசும் முடிந்திருக்கும். அதைவிட, கதை எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் தொடக்கத்தைத் திருத்துவது வீண்வேலை. முடிவு எழுதியபின் முதல் இரண்டு அத்தியாயம் எப்படியும் மாறும். பல நாவல்களில் முதலாவது முழுதாகவே போய்விடும்.

கதை ஏன் ஏழில் நின்றது என்று கண்டுபிடியுங்கள். வேலைப்பளு என்பது பாதிக் காரணம்தான். தோட்டத்து முதல் நாவல்கள் மூன்றிலொரு பங்கில் நிற்பதற்கு ஒரு வாடிக்கையான காரணம் இருக்கிறது. துரை, கங்காணி, மழை, அட்டைக்கடி, கடன் எல்லாம் ஒருவர்மேல் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்த ஆள் எதையும் தீர்மானிக்க மாட்டார். ஆறாம், ஏழாம் அத்தியாயத்தில் எழுதுகிறவருக்கே அலுத்துப்போகும். ஒரு தாளை எடுத்து, ஏழாவதின் கடைசி வரியில் நிற்கும் முக்கிய பாத்திரம் அடுத்த பத்து நாளில் என்ன செய்ய நினைக்கிறது, யார் தடுக்கிறார், எந்தத் திகதிக்குள் செய்தாக வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். மகள் கட்டுநாயக்க கார்மென்ட்ஸுக்குப் போக நினைக்கிறாள். தாய் அடையாள அட்டையை ஒளித்து வைத்திருக்கிறாள். பஸ் காசு பத்தாம் திகதிச் சம்பளத்தில்தான் வரும், அதையும் தகப்பன் முன்பணமாக எடுத்துவிட்டான். இப்படி ஒன்று இருந்தால் எட்டாம் அத்தியாயம் தானாக ஓடும். மூன்று வரியும் வராவிட்டால் ஐந்தாம் அத்தியாயத்துக்கு மேல் உள்ளதைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டு அங்கிருந்து எழுதுங்கள். அழிக்க வேண்டாம்.

முதல் வாரம் 500 சொல் வராது. கடைசியாக எழுதிய காட்சியைக் கையால் கொப்பியில் அப்படியே பிரதி எடுங்கள், முடிவுக்கு வந்ததும் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள். குரல் பிடிபட மூன்று நாள் எடுக்கும். விவரம் தெரியாத இடத்தில் நின்று தேடப் போகாமல் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். தேடும் வேலைக்கு வாரத்தில் ஒரு பின்னேரம் போதும்.

தேட வேண்டியது நிறைய இருக்கும். ஒரு பெரிய தாளில் ஆண்டுகளைக் கீழாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் வயதையும் நாட்டில் நடந்ததையும் குறியுங்கள். வாசகர் கண்டுபிடிக்கும் பிழைகள் பெரும்பாலும் இதில்தான். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தானது. தனுஷ்கோடி அதே டிசெம்பர் புயலில் அழிந்தது. ஆகவே ஒப்பந்தப்படி 1970இல் இந்தியா போன குடும்பம் தனுஷ்கோடியில் இறங்கி ரயிலேற முடியாது. தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்ச் சேர்ந்தது இராமேஸ்வரத்துக்கு. அதுபோல 1980இல் நடக்கும் காட்சியில் ‘கம்பனிக்காரன்’ என்று எவரும் பேசக்கூடாது. காணிச் சீர்திருத்தத்தில் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய், ஜனவசம என்ற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்திய காலம் அது. முகாமைத்துவம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது 1992இல். இன்றைய தேயிலை மலையில் கொழுந்தெடுக்கப் பிரப்பங்கூடையைக் காட்டுவதும் அப்படித்தான். இப்போது பெரும்பாலும் தலையில் மாட்டிய சாக்குப் பை. பழைய சஞ்சிகைகளும் மலர்களும் வேண்டுமென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போவதென்றால் என்ன பத்திரிகை, எந்த மாதம் என்று எழுதிக்கொண்டு போங்கள். சும்மா புரட்டிப் பார்க்கப் போனால் பஸ் காசுதான் செலவு.

பேச்சு வழக்கு பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். லயம் என்றா லயன் என்றா, பிரட்டு (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) என்றா பெரட்டு என்றா, கதைசொல்லி எப்படி எழுதுகிறார், பாத்திரம் எப்படிப் பேசுகிறது. இது உங்களைவிட மெய்ப்புப் பார்ப்பவருக்கு அதிகம் உதவும். குறிப்பில்லாமல் கொடுத்தால் நல்ல மனதோடு எல்லா உரையாடலையும் பாடப்புத்தகத் தமிழாக்கித் தந்துவிடுவார். சிலர் யாழ்ப்பாணப் பேச்சாகவும் ஆக்குவார்கள். தோட்டத்துச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடுவது எனக்கு உடன்பாடில்லை. ‘நிறுவையில் இரண்டு கிலோ குறைந்ததும் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார், அன்றைய சம்பளத்தில் பாதி போயிற்று’ என்று எழுதினால் சென்னையில் இருப்பவருக்கும் விளங்கும்.

உண்மையான ஆட்களை வைத்து எழுதியிருந்தால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சரிக்காரர் ஒருவர்தான் இருப்பார். தொழில், டிவிஷன், பிள்ளைகளின் தொகை மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்கு போட இன்னும் முடியும். வழக்கைவிட, அதே பாதையில்தான் நாளையும் நீங்கள் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும்.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு பழைய ஏழு அத்தியாயத்தைத் திரையில் திருத்தாமல் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள ஒட்டு மறைய வேறு வழி எனக்குத் தெரியாது. அதன்பின் மூன்று பேரிடம் கொடுங்கள். மலையில் வேலை செய்தவர் ஒருவர். வாசிக்கச் சிரமம் என்றால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறார் என்று குறியுங்கள். நிறைய நாவல் படிக்கிறவர் ஒருவர். ஆசிரியர் ஒருவர், ஆனால் ஒற்றுப்பிழைக்கு மட்டும். கதையில் அறிவுரை சேர்க்கச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அச்சுக்கு முன் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் எண்ணைக் கொழும்பு 7, சுதந்திர அவெனியூவிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெற வேண்டும். தலைப்பு முடிவாகி, பக்க எண்ணிக்கை ஏறத்தாழத் தெரிந்த பின், அட்டை அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பியுங்கள், ஏனென்றால் பட்டைக்குறி பின்னட்டையில் வரும். பதிப்புரிமைக்கு எங்கும் பதியத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனே உங்களுடையது, ஆயுளுக்குப் பின்னும் 70 வருடம். அச்சானதும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஐந்து பிரதி அச்சகத்தின் பொறுப்பு. கொடுத்தார்களா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

விலை கேட்கும்போது ‘ஒரு நாவல் அடிக்க எவ்வளவு’ என்று கேட்டால் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு பொருளுக்கு விலை சொல்லும். ஒரே தாளில் இப்படி எழுதி மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: டெமி எட்டிலொன்று, 208 பக்கம், உள்தாள் 80 ஜி.எஸ்.எம்., அட்டை 260 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்ட், மெட் லெமினேட், ஒருநிற உள்ளச்சு, நூல் தைத்து ஒட்டிய கட்டு, 300 பிரதி, மூன்று மெய்ப்பு. பக்கம் 16இன் மடங்காக இருக்க வேண்டும். உங்கள் கணக்கு 195 சொச்சம், அதோடு முன்பக்கங்கள் எட்டு, ஆகவே 208. இறுக்கி 192க்குக் கொண்டுவந்தால் ஒரு பாரம் (16 பக்க மடிப்பு) மிச்சம். 208 பக்கத்துக்கு முதுகு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் வரும், அட்டை வரைபவருக்கு அதைச் சொல்லுங்கள். வெறும் பசை மட்டும் ஒட்டிய கட்டு நுவரெலியாக் குளிரில் விறைத்து, விரிக்கும்போது பக்கம் கழன்றுவிடலாம். தையலுக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள். 2022இல் தாளில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சையே பின்போடப்பட்ட நாடு இது.

பல அச்சகங்கள் இன்னும் பாமினியில்தான் பக்கம் அமைக்கின்றன. நீங்கள் கஷ்டப்பட்டு யூனிகோடாக்கியதை அவர்கள் திருப்பி மாற்றுவார்கள். அதில் மேற்கோள் குறிகளும் நீளக்கோடும் முதலில் காணாமல் போகும். யூனிகோடிலேயே அமைக்கிற இடம் என்றாலும், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எப்படியானாலும், நீங்கள் கொடுத்த கோப்பைப் பார்க்காமல் அவர்கள் அமைத்த பக்கத்தைத் தாளில் எடுத்துத்தான் கடைசி மெய்ப்பைப் பார்க்க வேண்டும்.

வெளியீட்டு விழாவைப் பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் வருகிறவர்களைச் சங்கடப்படுத்துவீர்கள். தென்மேற்குப் பருவம் அடிக்கும் ஜூன், ஜூலை ஹட்டன் பக்கத்துக்கு ஆகாது. பதுளை, பண்டாரவளை என்றால் டிசெம்பர், ஜனவரியைத் தவிருங்கள். மிச்சப் பிரதிகளைச் சீமெந்துத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ அடுக்கக்கூடாது, ஒரே மழைக்காலத்தில் ஓரம் பழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பத்துப் பத்தாகப் பொலித்தீனில் கட்டி வையுங்கள். வெயில் காயும் நாளில் கட்டை அவிழ்த்துக் காற்றுப்பட விடுங்கள்.

கடைகள் 30, 40 சதவீதம் கழிவு கேட்கும். விலை போடும்போது அதைக் கழித்தபின் அச்சுச் செலவாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பிரதி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையையும் திகதியையும் எழுதிக் கடைக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். கணக்குப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போனால்தான் காசு வரும்.